கணிப்பொறிக்குக் காவல்



காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் என்பது நெசவாளர் மிகுதியாக வாழும் பகுதி. அங்கே பட்டுத் தறி நெய்யும் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் இல்லத்திற்கு வந்தார். உடன் அவருடைய மகனும் வந்திருந்தான். அவன் என்னிடம் பயின்றவன். கணக்கில் கெட்டிக்காரன், கையெழுத்து மட்டும் கோழி கிளறியது போலிருக்கும். இப்பொழுது சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் பணி புரிகிறான்.

தந்தையார் அமர்ந்ததும் அமராததுமாகத் தம் குறையைக் கூறத் தொடங்கினார். "ஐயா, இவன் மாதத்தில் பாதி நாள் இரவெல்லாம் விழித்திருக்கிறான். என்ன வேலை என்று கேட்டால், திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறான். பெண் வீட்டார் கேட்டால் நான் என்ன சொல்வது? வாட்ச்மேன் என்பதா, என்ஜினீயர் என்பதா?"

"இரண்டும் பொருந்தும் அப்பா" என்றான் மகன்.

அவனுடைய பதவியின் ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் 'பாதுகாப்புச் செயற்பாட்டு ஆய்வாளர்' என்று வரும். தந்தைக்கு அதனை விளக்குமாறு என்னைக் கேட்டார்கள். எனக்கே தெளிவாகத் தெரியாததை நான் எங்ஙனம் விளக்குவது? ஆகவே பழைய மாணவனை ஆசிரியனாக்கி, நானும் அவன் தந்தையோடு மாணவனாக அமர்ந்துவிட்டேன். அன்று கேட்டறிந்ததையும் பின்னர்ப் படித்தறிந்ததையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு பெரிய நிறுவனத்தில் பல்லாயிரக்கணக்கான கணிப்பொறிகள் இயங்குகின்றன. அவை ஒவ்வொன்றும் தன் நாட்குறிப்பைத் தானே எழுதிக்கொண்டிருக்கிறது. இன்னார் இத்தனை மணிக்கு உள்ளே நுழைந்தார், கடவுச்சொல்லைத் தவறாக இட்டார், மறுபடியும் இட்டார், இந்தக் கோப்பைத் திறந்தார், இவ்வளவு செய்தியை வெளியே அனுப்பினார் என்று ஒன்று விடாமல் குறித்துவைக்கிறது. இக்குறிப்பினை 'லாக்' என்பர். நம் பள்ளியின் வருகைப் பதிவேடு போன்றதுதான். ஆனால் நாம் நாளுக்கு இருமுறை பெயர் கூப்பிடுகிறோம். அங்கே நொடிக்கு ஆயிரக்கணக்கான வரிகள் எழுதப்படுகின்றன. மனிதக் கண் அத்தனையையும் படிக்க இயலாது. ஆதலின் எல்லாப் பொறிகளின் குறிப்புகளையும் ஓரிடத்தில் திரட்டி, முன்னரே எழுதிவைத்த விதிகளோடு ஒப்பிட்டு, ஐயத்திற்கு இடமானது தென்பட்டால் எச்சரிக்கை எழுப்புவதற்கென்று தனி மென்பொருள் ஒன்று உண்டு. அந்த எச்சரிக்கைகளின் முன்னே இருபத்துநான்கு மணி நேரமும், முறை வைத்து, ஆட்கள் அமர்ந்திருப்பார்கள். நம் மாணவன் அவர்களுள் ஒருவன்.

இங்கே கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல். வானொலியில் செய்திக்கு முன் ஒலிக்கும் நேரக் குறிப்பைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட தலைமுறை எங்களுடையது. ஒரு வீட்டுக் கடிகாரம் ஐந்து நிமிடம் பிந்தினால் ஒருவன் பேருந்தைத் தவறவிடுவான்; அவ்வளவே. நிறுவனத்தின் கணிப்பொறிகளுள் ஒன்று ஐந்து நிமிடம் பிந்தினாலோ, திருடன் எந்த வாயிலில் முதலில் நுழைந்தான், எந்த அறைக்குப் பின்னர்ச் சென்றான் என்ற வரிசையே தலைகீழாகிவிடும். மேலும், பல பொறிகள் நம் நாட்டு நேரத்தில் எழுதுவதில்லை; உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. நமக்குச் செவ்வாய் அதிகாலை 2 மணிக்கு நிகழ்ந்தது அதன் ஏட்டில் திங்கள் இரவு 8.30 என்று இருக்கும். பணியில் சேர்ந்த முதல் மாதத்தில் இந்தக் கணக்கில் தடுமாறாதவர் இல்லையென்று மாணவன் சொன்னான்.

இது நிறுவனத்தின் விருப்பத்திற்கு விடப்பட்ட செய்தியும் அன்று. 2004ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 'செர்ட்-இன்' என்னும் நடுவண் அரசு அமைப்பு 2022 ஏப்ரல் 28ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தது. கணிப்பொறிகளின் கடிகாரங்கள் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடோ, தேசியத் தகவலியல் மையத்தின் நேரத்தோடோ ஒத்திருக்க வேண்டும். குறிப்பேடுகளை 180 நாட்கள் காத்துவைக்க வேண்டும். ஊடுருவல் முதலியன நேர்ந்ததாக அறிந்தால் 6 மணி நேரத்திற்குள் அவ்வமைப்பிற்குத் தெரிவிக்க வேண்டும் என்பன அதன் கூறுகளுட் சில.

இனி, எச்சரிக்கை வந்தபின் ஆய்வாளர் என்ன செய்கிறார்? உண்மையில் இவ்வேலையின் அருமை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. ஊழியர் ஒருவர் இரவு 11 மணிக்குச் சென்னையிலிருந்து உள்நுழைகிறார். அடுத்த அரைமணியில் அதே பெயரில் ஐரோப்பாவிலிருந்து ஒருவர் உள்நுழைகிறார். புட்பக விமானத்திற்கும் அந்த வேகம் அரிது. எனவே மணி அடிக்கிறது. ஆயினும் அது திருட்டென்று உடனே முடிவு கட்டலாகாது. அவ்வூழியர் நிறுவனத்தின் ஐரோப்பியக் கணிப்பொறி ஒன்றின் வழியாகச் சுற்றி வந்திருக்கலாம். ஆய்வாளர் முதலில் அதனைப் பார்ப்பார். அந்த இணைய முகவரி நிறுவனத்துக்குரியதா? இவ்வூழியர் முன்பும் இவ்வழியே வந்ததுண்டா? உள்ளே நுழைந்தபின் வழக்கமான கோப்புகளைத் திறந்தாரா, என்றும் தொடாத கோப்புகளைத் துழாவினாரா? பத்து நிமிடத்திற்குள் இவற்றைப் பார்த்து, 'ஒன்றுமில்லை' என்று காரணம் எழுதி முடிக்க வேண்டும். அன்றேல் மேல்நிலை ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும்.

இன்னொன்று. ஒரு கணக்கில் கடவுச்சொல் நாற்பது முறை தவறி, நாற்பத்தோராம் முறை சரியாக விழுகிறது. விடுமுறையிலிருந்து திரும்பிய மறதிக்காரர் நாலைந்து முறை தவறுவார். நாற்பது முறை, அதுவும் ஒரே நிமிடத்தில் தவறுவது மனித விரல் அன்று.

வருகின்ற எச்சரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை வெறும் மணியோசைகளே. நிறுவனத்தின் சொந்தப் பணியாளரே ஏதோ பழுது பார்த்திருப்பார். புதிய மென்பொருள் ஒன்று விதிக்கு மாறாக நடந்திருக்கும். இப்படி நூறு முறை ஏமாந்தவன் நூற்றோராம் முறை எழுந்து பார்ப்பானா? 'புலி வருகிறது' என்று கூவிய சிறுவனின் கதை நீங்கள் அறிந்ததே. கதையில் தவறு சிறுவனுடையது. இங்கே கூவுவது பொறி. அதற்குக் கூச்சமில்லை, களைப்பும் இல்லை. களைப்பெல்லாம் கேட்பவனுக்குத்தான். இக்களைப்பே இத்தொழிலின் தலையாய நோய் என்று கருதுகிறேன்.

சிறிய முரண்பாட்டைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் வரலாற்றில் ஒருவர் உண்டு. 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் கணிப்பொறிப் பிரிவில் வேலைக்கு அமர்ந்தார். கணிப்பொறியைப் பயன்படுத்திய நேரத்திற்குக் கட்டணம் வாங்கும் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. நம் பணத்தில் அன்று பத்து ரூபாய்க்கும் குறைவு. வேறொருவராயின் தம் சட்டைப் பையிலிருந்து போட்டுக் கணக்கை நேர்செய்திருப்பார். ஸ்டோல் அதனைத் துருவினார். அறியாத ஒருவன் தொலைபேசி வழியே புகுந்து, அங்கிருந்து இராணுவக் கணிப்பொறிகளைத் தேடிச் செல்வதைக் கண்டார். கிடைத்த அச்சுப்பொறிகளையெல்லாம் இரவல் வாங்கி இணைப்புகளில் பூட்டி, வந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் காகிதத்தில் பதியவைத்தார். பல மாதங்கள் தொடர்ந்த அத்தேடல் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் போய் முடிந்தது. அங்கிருந்தவர்கள் திருடிய செய்திகளைச் சோவியத்து உளவுத் துறைக்கு விற்று வந்தனர். அந்நாளில் 'பாதுகாப்புச் செயற்பாட்டு ஆய்வாளர்' என்றொரு பதவி இல்லை. பதவிக்கு முன்னரே வேலை பிறந்துவிட்டது.

அச்சுப்பொறி என்றதும் நம் நாட்டுச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. 1904ஆம் ஆண்டு கும்பகோணத்தில் தோன்றிய வங்கி ஒன்று இன்று சிட்டி யூனியன் பேங்க் என்ற பெயரில் நாடெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. வெளிநாட்டு வங்கிகளுக்குப் பண ஆணை அனுப்ப உலக வங்கிகள் பயன்படுத்தும் 'ஸ்விஃப்ட்' என்னும் செய்தி அமைப்பு அவ்வங்கியிலும் உண்டு. 2018 பிப்ரவரியில் அதன் வழியே, வங்கியில் எவரும் பிறப்பிக்காத மூன்று பண ஆணைகள் புறப்பட்டன. துபாய்க்கு 5 இலட்சம் டாலர். துருக்கிக்கு 3 இலட்சம் யூரோ. சீனத்திற்கு 10 இலட்சம் டாலர். இப்படி ஆணை சென்றால் 'பெற்றுக்கொண்டோம்' என்ற ஒப்புகை திரும்பி வரும். அது காகிதத்தில் அச்சாகும். புகுந்தவர்கள் இதனை அறிந்திருந்தனர். ஆகவே பிப்ரவரி 6ஆம் நாள் அந்த அச்சுப்பொறி இயங்காதபடி செய்துவிட்டனர். ஒப்புகை வந்தது, காகிதம் வரவில்லை. மறுநாள் வங்கியார் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கையில் மூன்று ஆணைகளும் வெளிப்பட்டன. துபாய்க்குச் சென்றது தடுக்கப்பட்டுத் திரும்பியது. மறுநாளே ஒப்பிட்டுப் பார்த்த அந்தப் பழைய வழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இதே தந்திரம் இரண்டாண்டுகளுக்கு முன்னர் வங்காளதேசத்தின் மத்திய வங்கியிலும் கையாளப்பட்டது. 2016 பிப்ரவரி 4ஆம் நாள் இரவு, அவ்வங்கி நியூயார்க்கில் வைத்திருந்த பணத்திலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலரை எடுக்க 35 ஆணைகள் சென்றன. மறுநாள் வெள்ளிக்கிழமை, அங்கே வார விடுமுறை. டாக்காவில் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை. அச்சுப்பொறிதானே, எந்த அலுவலகத்தில் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று நாமும்கூட எண்ணியிருப்போம். அங்கும் அதனை வழக்கமான கோளாறு என்றே கொண்டனர். 8 கோடியே 10 இலட்சம் டாலர் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது. இலங்கைக்குச் செல்ல இருந்த 2 கோடி டாலர் தப்பியது. பெறும் நிறுவனத்தின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைத் திருடர்கள் பிழையாக எழுதியிருந்தனர். இடையிலிருந்த ஜெர்மானிய வங்கி அதனைக் கண்டு வினா எழுப்பியது. முப்பதாண்டுக் காலம் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைத்தவன் என்ற முறையில் இச்செய்தி எனக்களித்த இன்பத்தை மறைக்க விரும்பவில்லை.

இதுவரை சொன்னவை காணாமல் விட்டதும், கண்டு பிடித்ததும். இதனினும் வேதனையான வகை ஒன்று உண்டு. கண்டும், சொல்லியும், பயனின்றிப் போவது. அது பெங்களூரில் நிகழ்ந்தது.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட 'டார்கெட்' என்பது பெரிய கடைத்தொகுதி நிறுவனம். தன் கணிப்பொறிகளைக் கண்காணிக்கும் பணியில் ஒரு பகுதியை அது பெங்களூரில் நடத்தி வந்தது. 2013ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸ் விற்பனைக் காலம். அக்கடைகளுக்குக் குளிர்பதன வேலை செய்துவந்த ஒரு சிறு நிறுவனத்தின் கடவுச்சொல்லைத் திருடி, அதன் வழியே சிலர் உள்ளே புகுந்தனர். பணம் செலுத்தும் பொறிகளில் வாடிக்கையாளர் அட்டையைத் தேய்க்கும்போதே எண்ணைப் பற்றிக்கொள்ளும் தீநிரலைப் பதித்தனர். அந்நிறுவனம் அவ்வாண்டுதான் பெரும்பொருட் செலவில் எச்சரிக்கை மென்பொருள் ஒன்றை அமைத்திருந்தது. நவம்பர் 30ஆம் நாள் அது மணி அடித்தது. பெங்களூரில் இருந்தவர்கள் அதனைக் கண்டனர். மினியாபொலிஸ் குழுவிற்குத் தெரிவித்தனர். அங்கே ஒன்றும் நடக்கவில்லை. டிசம்பர் 2ஆம் நாள் மீண்டும் மணி அடித்தது. அதற்கும் அசைவில்லை. டிசம்பர் 12ஆம் நாள் அமெரிக்க நீதித் துறையினர் வந்து சொன்ன பிறகே நிறுவனம் விழித்துக்கொண்டது. அதற்குள் 4 கோடி அட்டைகளின் எண்கள் போயிருந்தன. 7 கோடிப் பேரின் முகவரி முதலிய விவரங்களும் போயிருந்தன. அடுத்த ஆண்டு மே மாதம் நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார். 2017இல் 47 மாநிலங்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி 1 கோடியே 85 இலட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது.

அந்த எச்சரிக்கை ஆராயப்பட்டதாகவும், உடனடி நடவடிக்கை வேண்டியதில்லை என்று அப்போது முடிவு செய்யப்பட்டதாகவும் நிறுவனம் பின்னர்க் கூறிற்று. இதனை நான் பொய்யென்று எண்ணவில்லை. நாள்தோறும் நூற்றுக்கணக்கான மணிகள் அடிக்கும் இடத்தில் அந்த ஒரு மணியும் மற்றவற்றைப் போலவே ஒலித்திருக்கும்.

இதைக் கேட்டபோது நெசவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் ஓடுகின்றன. ஒன்று அறுந்தால் தறியை நிறுத்தி, முனைகளைத் தேடிப் பிடித்து முடிச்சிட்ட பிறகே மேலே நெய்ய வேண்டும். பாராமல் நெய்தால் சேலை நெடுகிலும் குறை ஓடும் என்பது அவர் சிறு வயது முதல் அறிந்தது. "இழை அறுந்ததைப் பக்கத்தில் இருக்கிற பையன் சொல்லியும் நெய்தார்களா?" என்றார். கோர்வைச் சேலைக்குக் கரை இழை கோக்க உதவியாள் ஒருவன் தறியின் ஓரத்தில் உட்காருவது காஞ்சிபுரத்து வழக்கம். பெங்களூர் இளைஞர்களை அவர் அந்தப் பையனாகவே கண்டுவிட்டார்.

"சொன்னாற் போதாது அப்பா, கேட்கிறபடி சொல்ல வேண்டும்" என்றான் மகன். அப்போதுதான் அவன் தன் அனுபவம் ஒன்றைக் கூறினான். பணியில் சேர்ந்த நாலாம் மாதம், பின்னிரவு 3 மணி. நிறுவனத்தின் முக்கியமான பொறி ஒன்றிலிருந்து மிகுதியான செய்தி வெளியே போவதைக் கண்டு அஞ்சி, மேலாளரைத் தொலைபேசியில் எழுப்பினான். விசாரித்தால், அது முன்னரே திட்டமிட்ட காப்புப்படி எடுக்கும் வேலை. அறிவிப்பு இவன் கண்ணில் படவில்லை. உடன் பணிபுரிவோர் சில நாள் இவனைக் கேலி செய்தனர். பத்து நாள் கழித்து, ஏறக்குறைய அதே நேரம், வேறொரு பொறியில் அதே போன்ற அறிகுறி. எழுப்புவதா, வேண்டாமா? இருபது நிமிடம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தானாம். பிறகு எழுப்பினான். அதுவும் ஒன்றுமில்லை என்றே முடிந்தது.

"மேலாளர் கோபித்துக்கொண்டாரா?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்றார். 3.10 என்றேன். எனக்கு 3.30க்கு அல்லவா பேசினாய், அந்த இருபது நிமிடம் எங்கே போயிற்று என்றார். அது ஒன்றைத்தான் கேட்டார்."

அம்மேலாளர் எவரென்று நான் அறியேன். நல்ல ஆசிரியராக இருந்திருக்கத் தக்கவர்.

அன்று முதல் அவன் எச்சரிக்கையை மேலே அனுப்பும்போது மூன்று செய்திகளை முதல் மூன்று வரியில் எழுதிவிடுகிறான். என்ன கண்டேன், ஏன் ஐயுறுகிறேன், இப்பொழுது என்ன செய்யவேண்டும் என்று கருதுகிறேன். நான் அவனுக்குக் கட்டுரைப் பயிற்சியில் நான்காண்டு சொல்லிக்கொடுத்தும் வராத சுருக்கம், மூன்று மணி இரவில் வந்துவிட்டது. கையெழுத்தைப் பற்றி இனிக் கவலையில்லை, பொறி எழுதிவிடுகிறது.

இத்துறைக்குச் செல்ல விரும்புவோர்க்குக் கணிப்பொறி வலையமைப்பு பற்றிய அறிவும், விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இயங்குதளங்களில் பழக்கமும், சிறிது நிரல் எழுதும் திறனும் வேண்டும். பொறியியற் பட்டமே வேண்டுமென்பதில்லை. கணிப்பொறி அறிவியல் படித்த கலைக் கல்லூரி மாணவரும் சேர்கின்றனர். இரவுப்பணி உடலை வருத்தும் என்பதை மறைக்கலாகாது. சிலர் ஈராண்டில் பகற்பணிக்கு மாறிவிடுகின்றனர். எளிய எச்சரிக்கைகளைப் பிரித்தெடுக்கும் வேலையை இப்பொழுது பொறிகளே மேன்மேலும் செய்து வருகின்றன; அதனால் முதல்நிலை ஆய்வாளரின் வேலை மாறிக்கொண்டிருக்கிறது.

அவர்கள் விடைபெறும் நேரம் வந்தது. நெசவாளர் வாயிற்படி வரை சென்றவர் திரும்பி நின்று மகனைக் கேட்டார்: "கும்பகோணத்தில் காகிதம் வராததுதான் அடையாளம் என்றாயே. உங்கள் அலுவலகத்தில் அப்படிக் காகிதம் வருகிற பொறி உண்டா?"

"இல்லை அப்பா. எல்லாம் திரையில்தான்."

"அப்படியானால் எது நின்றுபோனால் நீ எழுந்து பார்ப்பாய்?"

அவன் சிறிது யோசித்து விடை சொன்னான். ஒவ்வொரு பொறியும் ஓயாமல் குறிப்பு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தப் பொறியிடமிருந்தேனும் குறித்த நிமிடங்களுக்கு ஒரு வரியும் வரவில்லையென்றால், அதற்கென்றே தனியாக ஒரு மணி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் கம்பி கழன்றிருக்கும். ஆனாலும் எழுந்துபோய்ப் பார்த்து, பார்த்த நேரத்தை எழுதி வைப்பான்.

தந்தை தலையசைத்தார். மாலை 6 மணிப் பேருந்தில் மகன் சென்னைக்குப் புறப்பட வேண்டியிருந்தது. அன்று அவனுக்கு இரவு முறை.